படியில் கிடந்த வீரைக் குழை

என்னோடு ஒரே லொறியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் கொலனியில் இறங்கின பிள்ளைகளில் இப்போது மிஞ்சியிருப்பது நாலைந்து பேர்தான். இதை உங்களுக்குத்தான் எழுதிச் சொல்கிறேன். பிறகு வந்தவர்களுக்குச் சொன்னால், மனிசிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். எனக்கு அறளை பெயரவில்லை. நேற்று மத்தியானம் என்ன கறி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். அந்தப் பாலைப்பழக் காலத்தில் எந்த நாள் எந்தப் பக்கத்தால் காற்று அடித்தது என்று கேளுங்கள், உடனே சொல்வேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து நாங்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, இடிந்து கிடந்த ஐயனார் கோயிலைக் கொங்கிறீற்றில் கட்டுகிறார்கள். உங்களுக்கும் தெரியும். கும்பாபிஷேகத்துக்கு ஒரு சிறப்பு மலரும் அச்சடிக்கிறார்களாம். அதில் செத்துப்போன ஒரு மனிசியைப் பற்றி எழுதப்போகிறார்கள். எழுதப்போவது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

முதலில் அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு என்னைப் பெற்ற ஐயா கட்டின கோயில்தான் ஞாபகத்தில் இருக்கும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற கடைசி வாய்க்கால் முடிந்த இடத்தில் எங்கள் வயலும் முடியும். அதற்கப்பால் மணல் பாதை. பாதை ஒரு சின்னக்குளத்தின் கட்டோடு போய்க் காட்டு வாயில் முட்டும். அந்த இடத்தில் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பாலைமரம். மரத்தடியில் மூன்று கல்லின் மேல் ஒரு தட்டைக்கல், தட்டைக்கல்லின் மேல் ஒரு கருங்கல். கண் இல்லை, மூக்கு இல்லை. அதுதான் ஐயனார். பக்கத்தில் கறள் பிடித்த ஒரு சூலம், தும்பிக்கை உடைந்த ஒரு மண் யானை. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஐயனார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்தபடி இருந்தார்.

அவருக்கு முன்னால் பத்து எட்டில், பாதைக்கு இரண்டு பக்கமும் இரண்டு முதிரைமரத் தூண் நட்டு, மேலே குறுக்காக ஒரு முதிரைத் தடி போட்டிருந்தார்கள். கதவில்லாத வாசல் மாதிரி. உயரத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் குனியாமல் போகவேண்டும், அவள் கையை உயர்த்தினால் தடி எட்டவேண்டும்.

காட்டுக்குள் போகிறவர்கள் ஆளுக்கொரு குழை, இலையோடு ஒரு சின்னக் கிளை, முறித்து அந்தத் தடியில் தொங்கவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது தங்கள் குழையைத் தாங்களே எடுத்து எறிவார்கள். தேன் எடுக்கிறவர் கொடியால் முடிச்சுப் போடுவார். மாட்டுக்காரர் இரண்டு குழையைப் பின்னுவார். பொழுதுபடுகிற நேரம் பூசாரியார் விளக்கு வைக்க வருவார், அண்ணாந்து பார்ப்பார். தடி வெறுமையாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு குழையாவது தொங்கினால் சேமக்கலத்தை எடுத்து அடிப்பார். ஊர் பந்தம் கொளுத்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கும். யார் எவர் என்ற கேள்வி இல்லை. குழை தொங்கினால் ஒருவர் திரும்பவில்லை.

இது ஊரின் பழைய வன்னிச் சனத்தின் முறை. நாங்கள் வந்தேறிகள். எங்களுக்கு அது காய்ந்த குப்பையாகத்தான் தெரிந்தது.

என் ஐயா மேசன். கொலனியில் முதல் கல்வீடு எங்களுடையது. நல்ல மனிசர் என்று ஊர் சொல்லும். நானும் சொல்வேன், இன்னும் சொல்வேன். ஆனால் அவருக்கு ஒரு வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"சாமியை இப்பிடி வெயிலிலையும் மழையிலையும் போட்டு வைச்சிருக்கிறியளே, வெக்கமாயில்லையோ?" என்று பூசாரியாரைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வெயில் அவருக்குச் சுடாது தம்பி. எங்களுக்குத்தான் சுடும்."

"நான் ஒரு சதம் வாங்காமல் கட்டித் தாறன்."

"கட்டு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் தடியிலை கை வைக்காதை. அவரை உங்கடை பக்கம் திருப்பவும் வேண்டாம். பயம் உங்காலையிருந்தே வருகுது?" என்று எங்கள் வீடுகளைக் காட்டினார். பிறகு காட்டைக் காட்டினார். "இங்காலையிருந்தெல்லோ வருகுது."

"கிழக்கு வாசல் இல்லாத கோயிலோ? பேய்க்கதை கதையாதையுங்கோ."

மாசியில் தொடங்கிச் சித்திரையில் முடித்தார். ஆறடிக்கு ஆறடி. சூளைக் கல், சுண்ணாம்புப் பூச்சு, மேலே புதுத் தகரம். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் தகரம் தண்ணீர் மாதிரி மின்னும். மத்தியானத்தில் வெயில் ஏற ஏற டக், டக் என்று சத்தம் போடும். ஐயனாரைத் தூக்கி உள்ளே வைத்துக் கிழக்கே, ஊரைப் பார்க்கத் திருப்பினார்கள். காட்டுக்குப் போகிறவர்களுக்கு இப்போது தெரிவது வெள்ளைச் சுவர் மட்டும். தகரத்துக்கு முகட்டு மரம் வேண்டியிருந்தது. அந்த முதிரைத் தடியைவிட நேரான மரம் எங்கே கிடைக்கும்? தூண் இரண்டும் வாசலுக்குப் போயின. மண் யானையை எங்கே எறிந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

தடி இல்லாமல் போனதும் சனம் குழையைக் கோயில் படியில் வைத்தது. ஐயாவுக்குக் கோபம். ஒரு பலகையில் தாரால் எழுதி வாசலில் அறைந்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் பெண்பிள்ளை. பின்னேரம் நாலு மணிக்குப் படி கூட்டுகிற வேலையை ஐயா எனக்குத் தந்தார். அந்த விளக்குமாற்றைப் பிடித்த பெருமை பிறகு என் கலியாணத்திலும் எனக்கு வரவில்லை. யாராவது குழையோடு வந்தால் பலகையைக் காட்டி உரத்து வாசிப்பேன்: "இங்கே குழை போடக் கூடாது." பலர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள். சிலர் அதோடு குழை முறிப்பதையே விட்டுவிட்டார்கள்.

விடாத ஆள் ஒருத்திதான். பழக்காரி.

உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்கவேண்டும். நெடிய மனிசி, வெற்றிலை வாய், புருசன் பிள்ளை இல்லை. காட்டோரம் ஒரு கொட்டில், ஒரு ஆடு. பாலைப்பழக் காலத்தில் விடியக் காட்டுக்குள் போய், ஓலைப்பெட்டி நிறையப் பழத்தோடு மத்தியானத்துக்கு முன் வருவாள். ஒரு சிரட்டைப் பழத்துக்கு ஒரு சிரட்டை நெல். வீரைக் குழை முறித்து, தன் சீலைக் கரையில் கிழித்த சிவப்புத் துணித் துண்டைச் சுற்றிக் கட்டுவாள். வீரை இலை தடிப்பு, வெயிலிலும் கெதியில் வாடாது. அதை நட்ட நடுப் படியில் வைப்பாள்.

"போடக் கூடாது" என்று சொன்னேன்.

"ஆர் சொன்னது?"

"எழுதிக் கிடக்குது."

"என்னட்டைச் சொல்லேல்லையே உந்தப் பலகை. ஐயனாருக்கும் எழுத்துத் தெரியாது பிள்ளை. அவர் குழையைத்தான் வாசிப்பார்."

மத்தியானம் வந்து தன் குழையைத் தானே எடுத்துக்கொண்டு போவாள். போகும்போது, "சின்ன விதானையார், உம்மடை படி சுத்தம், பாரும்" என்பாள். ஊரை அதிகாரம் பண்ணுகிற தலைமைக்காரரின் அந்தப் பெயர் எனக்கு அப்படியே ஒட்டிவிட்டது. நீங்களும்தான் கூப்பிட்டீர்கள், மறக்கவில்லை.

ஒரு நாள் கிணற்றடியில் எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்கப் பழம் அளந்துகொண்டிருந்தாள். நானும் கையை நீட்டினேன். "எழும்புங்கோ, எழும்புங்கோ, விதானையார் வரி வாங்க வந்திருக்கிறா!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கை நிறையப் பழம் போட்டாள், உண்மையைச் சொல்லவேண்டும், மற்றவர்களுக்குப் போட்டதைவிடக் கூடத்தான் போட்டாள். நான் கோபத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாயில் அடைத்தேன். பாலைப்பழத்தின் பால் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். உதடு இரண்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. திருப்பி ஏசவும் முடியவில்லை. "பாருங்கோடி, விதானையாற்றை வாய் ஒட்டிப்போச்சுது. இனி ஊருக்கு நிம்மதி" என்றாள். அம்மா தேங்காய் எண்ணெய் பூசித்தான் பிரித்துவிட்டா.

அடுத்த நாள் விடியப் பழக்காரி குழை வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனாள்.

மத்தியானம் வரவில்லை. நாலு மணிக்கு நான் விளக்குமாற்றோடு போனபோது சிவப்புத் துணி கட்டின குழை படியில் அப்படியே கிடந்தது. அதைச் சுற்றிக் கூட்டினேன். அதை விட்டுவிட்டேன். எனக்கும் முறை தெரியும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு தெரியாதா? சுவரில் ஒரு வெடிப்புக்குச் சாந்து பூசிக்கொண்டு நின்ற ஐயா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த சாந்தகப்பையால் காட்டினார்.

"அந்தத் துணி கட்டினதையும் கூட்டு."

கூட்டினேன். ஐயா சொன்னதால் மட்டும் கூட்டவில்லை. கிணற்றடிச் சிரிப்பு இன்னும் காதில் கிடந்தது. விளக்குமாறு பட்டுக் குழை படியால் உருண்டு விழுந்தபோது எனக்கு இனித்தது.

அடுத்த நாள் காலை குப்பைக்கு நெருப்பு வைத்தோம்.

அன்று மத்தியானம் பழக்காரியின் ஆடு கத்தியது. கட்டின ஆடு, தண்ணீர் இல்லாத ஆடு எப்படிக் கத்தும் என்று தெரியும். அயலில் இருந்த தேன்காரர் போய்ப் பார்த்தார், ஆளைக் காணவில்லை. அவரும் பூசாரியாரும் இன்னும் நாலு பேரும் நேரே கோயிலுக்கு வந்தார்கள். ஐயாவும் நானும் அங்கே நின்றோம்.

"பழக்காரியின்ரை குழை கிடந்ததோ?" என்று தேன்காரர் கேட்டார்.

ஐயா என்னைப் பார்த்தார்.

"பிள்ளையெல்லோ கூட்டிறவள். பிள்ளையைக் கேளுங்கோ."

தேன்காரர் எனக்கு முன்னால் குந்தினார். அவரில் எப்போதும் புகையும் தேனும் சேர்ந்து மணக்கும். "சொல்லு மோனை. நேற்றுப் படியிலை குழை கிடந்ததோ? சிவப்புத் துணி கட்டினது?"

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயாவின் சுவரைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஒண்டும் கிடக்கேல்லை."

"பிள்ளை சொல்லுறாள்தானே" என்றார் ஐயா.

பூசாரியார் மட்டும் முகட்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். குழை இல்லையென்றால் அவள் காட்டுக்குள் போகவில்லை என்பதுதான் அவர்களுடைய சட்டம். அந்தச் சட்டத்தில் பிழை வந்ததே இல்லை. பரந்தனில் அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், அங்கே போயிருப்பாள் என்று தீர்த்து வண்டில் கட்டி ஆள் அனுப்பினார்கள். வண்டில் போய், விசாரித்து, மாடு ஆறித் திரும்பி வர இரண்டு நாள் போய்விட்டது. தங்கச்சி வீட்டில் அவள் இல்லை. அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் இறங்கினார்கள். அதற்கு அடுத்த நாள் விடியக் கண்டார்கள்.

தூரம் கூட இல்லை. சின்னக்குளத்துக்குப் பின்னால், வற்றிப்போன ஒரு மடு. காய்ந்து இறுகின யானைக் காலடித் தடத்துக்குள் கால் போய்க் கணுக்கால் முறிந்திருந்தது. வெளியே ஏற முடியாமல் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறாள்.

எங்கள் முற்றத்தில் நின்று தேன்காரர் சொன்னது இன்னும் கேட்கிறது. "மூண்டு நாளாவது உயிரோடை இருந்திருப்பாள். பெட்டிப் பழம் முழுக்கத் திண்டு முடிச்சிருக்கிறாள். விதையெல்லாம் ஒரு பக்கத்திலை குவிச்சு வைச்சிருக்குது."

பாலை விதையை நீங்கள் அறிவீர்கள். எண்ணெய் பூசின மாதிரிப் பளபளக்கும். நாங்கள் அதில் விளையாடியிருக்கிறோம். நான் அதற்குப் பிறகு விளையாடவில்லை.

அன்று பின்னேரம் நான் கோயில் பின்பக்கம் குப்பைக் குழியடியில் நின்றேன். சாம்பலுக்குள் எரியாத ஒரு சிவப்புத் துணித் துண்டு, விரல் நகமளவு. ஐயா வந்தார், அவரும் கண்டார். செருப்புக் காலால் சாம்பலைத் தள்ளி மூடி மிதித்தார்.

"நீ ஒண்டும் காணேல்லை. விளங்குதே?" என்றார். என் தலையைத் தடவினார்.

ஐயா என்னைக் காப்பாற்றினார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவருடைய செத்தவீட்டிலும் அதைச் சொல்லித்தான் உள்ளுக்குள் அழுதேன். பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, நாலு இடத்துக்கு இடம்பெயர்ந்து, வெறும் நிலத்தில் படுத்து யோசிக்க நேரம் கிடைத்தபோதுதான் கணக்குப் பிடிபட்டது. குழையைக் காட்டிக் கூட்டச் சொன்னவர் அவர். தேன்காரர் கேட்டபோது அவருக்குத் தெரியும். அப்போது அந்த மனிசி உயிரோடு இருந்தாள். "ஓம், கிடந்தது" என்று அவர் சொல்லியிருந்தால் பொழுதுபட முன்னம் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். கூடவே, தடியை ஏன் கழற்றினாய் என்றும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி வராமல் இருக்க, பொய்யை என் வாயால் சொல்லவைத்தார். ஆறடிக்கு ஆறடிச் சுவர். அதைத்தான் காப்பாற்றினார்.

என்னை நான் விட்டுவிடவில்லை. இல்லை என்று சொன்னது என் நாக்கு.

அந்த நாட்களில் நான் சாப்பிடாமல் கிடந்தேன். செத்தவளின் ஆவி பிள்ளையில் தொட்டுவிட்டது என்று அம்மா திருநீறு போடுவித்து நூல் கட்டிவிட்டா. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். வாத்தியாரின் அடிக்குப் பயம் என்று நினைத்து, பெண்பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தார் எழுத்தைப் பிறகு வாசிக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று எட்டு வயதில் எப்படிச் சொல்வது? என் படிப்பு அதோடு சரி. இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

ஊர் என்ன தீர்த்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களே உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைதான். குழை போடாமல் போனவள். ஐயனாரை மதியாமல் போனவள். அதனால் ஐயனார் கைவிட்டார். ஒரு நாளும் குழை போடாமல் போகாத மனிசிக்கு, எல்லாரும் விட்ட பிறகும் விடாத மனிசிக்கு, நிலைத்த பெயர் அது. சொல்கேளாத பிள்ளையை, "பழக்காரி மாதிரிப் போகப்போறாய்" என்று ஏசுவார்கள். என் மகளை என் மாமியார் அப்படி ஏசியபோது, நான் அடுப்பை ஊதிக்கொண்டு இருந்தேன். ஐயா கட்டின கோயிலுக்குப் புதுமையும் சக்தியும் கூடிவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் சொல்லி மாளாது. பூசாரியார் ஒரே ஒரு தரம் வந்தார். வாசலில் நின்று ஐயாவைக் கேட்டார், "தம்பி, இனி எங்கை தொங்கவிடுறது?" அதற்குப் பிறகு பூசாரியார் வரவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன கிழமை கோயில் செயலாளர் கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன்.

"அம்மா, பழைய ஆக்களிலை நீங்கள் நாலைஞ்சு பேர்தான் இருக்கிறியள். குழை போடாமல் போன மனிசியின்ரை கதையை வடிவாச் சொல்லுங்கோ, மலரிலை போட."

சொன்னேன். உங்களுக்குச் சொன்னதைப் போலவே ஒன்றும் விடாமல் சொன்னேன். பாதியில் அவருடைய பேனை நின்றுவிட்டது.

"இதைப் போட ஏலாது அம்மா. சனம் குழம்பிப்போகும். அதோடை உங்கடை ஐயாவின்ரை பேரைத்தான் கல்லிலை முதலாவதாப் பொறிச்சிருக்கு, ஸ்தாபகர் எண்டு."

"பொறிச்சதை அழியுங்கோ."

"என்ன அம்மா நீங்கள்! செத்து எவ்வளவு காலம். அந்த மனிசிக்கு ஆர் இருக்கினம் கேக்க?"

"நான் இருக்கிறன்."

அவர் தேத்தண்ணியை மிச்சம் விட்டு எழும்பினார். நல்ல பிள்ளைதான். நடையில் நின்று, "வேறை ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்றார்.

"இடிச்ச கல்லுக் குவியலுக்கை ஒரு முகட்டு மரம் கிடக்குது. அதைத் தாங்கோ."

"அந்த உளுத்த தடியோ? கொண்டுபோய் எரியுங்கோ."

"முதிரை உளுக்காது தம்பி."

மருமகனும் அவனுடைய கூட்டாளியும் அதைத் தூக்கி வந்தார்கள். செல் குண்டு பட்ட ஒரு காயத்தைத் தவிரத் தடிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தூண் நட்டு அதைக் குறுக்கே போடச் சொன்னேன். பழைய இடத்திலேயே, காட்டு வாயில். மருமகன் முணுமுணுத்துக்கொண்டே நட்டான். உயரத்துக்கு நான் நின்று கையை உயர்த்திக் காட்டினேன்.

அந்தப் பாதையால் இப்போது ஒருவரும் போவதில்லை. தூணுக்கு அங்கால் நாடா கட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மிதிவெடி கவனம். இந்தப் பலகையாவது உண்மை சொல்கிறது.

நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு வீரை நின்றது. குழை முறித்தேன். என் பழைய சீலையில் சிவப்புக் கரையாகப் பார்த்துக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். கட்டித் தடியில் தொங்கவிட்டேன். குளக்கட்டில் குந்தியிருந்தேன். புதுக் கோயிலில் ஒலிபெருக்கி பூட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பொழுதுபட்டது.

"மாமி, கழட்டிப்போட்டு வாங்கோவன்" என்றான் மருமகன். "தொங்க விட்டால், இன்னும் ஆரோ உள்ளுக்கை நிக்கினம் எண்டெல்லோ சனம் நினைக்கும்."

"நினைக்கட்டும்" என்றேன்.